முக்கால் படம்

பணிமனை வாசலில் ஒரு வட்டக் கடிகாரம் தொங்குகிறது. வண்டியை உள்ளே திருப்பும்போது ஓட்டுநரின் கண் முதலில் அதன்மேல்தான் போகும். போனதும் பல்லைக் கடிப்பார். பன்னிரண்டு நிமிடம் தாமதம். பதினேழு நிமிடம் தாமதம். ஒரு தடவை நாற்பது. பதினோரு வருடமாக மாலை வண்டியை ஓட்டுகிறார், ஒரு நாள்கூடக் குறித்த நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததில்லை. மடியில் தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் தளும்பாது என்று பேர் வாங்கிய கை அவருடையது. நேரம் தவறாத ஓட்டுநர்களின் பெயரை வருடா வருடம் ஒரு பலகையில் எழுதி மாட்டுவார்கள். அதில் அவர் பெயர் ஏறவே இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால், திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவார்.

"பின்னாடி ஒரு மகான் நிக்கிறார் பாரு. அவரைக் கேளு."

பின்னால் நிற்கிற மகான், நடத்துநர். ஆள் நெட்டை. கூரையில் தலை முட்டுமே என்று குனிந்து குனிந்து, இறங்கி நடக்கும்போதும் கழுத்து நிமிர மறந்துவிட்டது. எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லப்போகிற மாதிரியே வருவார். விசில் ஒரு கறுப்பு ஷூ நாடாவில் கழுத்தில் தொங்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் என்றோ போய்விட்டது. டிக்கெட் கட்டில் வருகிற ரப்பர் வளையத்தை அந்தப் பக்கம் காதில் மாட்டியிருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் ஒரு டார்ச்.

அவர் வாயில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "இடம் இருக்கு, உள்ள வாங்க." வண்டிக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் இல்லை. சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் ஜனம் நசுங்கிக்கொண்டிருக்கும்.

"எங்கய்யா இடம்? உன் பைக்குள்ளயா?" என்று யாராவது சீறுவார்கள்.

"போன ஸ்டாப்புல நீங்க ஏறும்போதும் ஒருத்தர் இதத்தான் கேட்டாரு. நீங்க ஏறலியா?" என்பார். கோபமில்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி. கேட்டவர் கால் விரலை உள்ளே இழுத்துக்கொள்வார்.

இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். நடத்துநர் நிறுத்தம் இல்லாத இடத்திலும் ஒற்றை விசில் அடிப்பார். மரத்தடியில் மூட்டையோடு ஒரு ஆள், பாலத்துக்குக் கீழே இருந்து மேலே ஏறிவரும் ஒரு அம்மாள், கை காட்டலாமா வேண்டாமா என்று பாதி தூக்கிய கையோடு நிற்கிற யாரோ. விசில் வந்துவிடும். ஓட்டுநர் கெட்ட வார்த்தை ஒன்றைக் கியரோடு சேர்த்துப் போட்டு வண்டியை ஓரம் கட்டுவார். கடிகாரம் அவர் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இருட்டத் தொடங்கிய நேரமாக இருந்தால் நடத்துநர் இன்னொன்றும் செய்வார். படியில் இறங்கி நின்று, பையிலிருந்து டார்ச்சை எடுத்து, தன் தாடைக்குக் கீழே பிடித்து அடித்துக்கொள்வார். பக்கக் கண்ணாடியில் ஓட்டுநருக்கு ஒரு தாடையும் இரண்டு மூக்குத் துவாரமும் அந்தரத்தில் மிதப்பது தெரியும். குழந்தைகள் பேய் பேய் என்று சிரிக்கும். ஆளுக்கு ஏதோ மறை கழன்றிருக்கிறது என்று ஓட்டுநர் முடிவு கட்டி வருடக்கணக்காகிறது.

பிறகு அந்தப் படம்.

மாலை வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு படப்பெட்டி. அதில் பதினோரு வருடமாக ஒரே படம். நடத்துநர் போடுகிற படம். பழைய படம், சண்டை கிடையாது, பாட்டு ஒன்றே ஒன்று. தினமும் வருகிறவர்கள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு கெஞ்சினார்கள், இப்போது தூங்குகிறார்கள். படத்தின் கடைசி இருபது நிமிடத்தை யாரும் பார்த்ததில்லை. வண்டி ஊர் வந்து சேர்ந்துவிடும். அதனால் நடத்துநருக்கு முக்கால் என்று பெயர் விழுந்துவிட்டது. "முக்கால் வண்டி போயிடுச்சா?" என்றுதான் சாலையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.

வண்டி எங்கே நின்றாலும் நடத்துநர் ரிமோட்டை அழுத்திப் படத்தையும் நிறுத்திவிடுவார். ஏறுகிறவருக்கு ஒரு வசனம்கூடத் தப்பக்கூடாதாம். இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் படமும் பாதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செங்கல் சூளை வரும்போது படத்தில் சரக்கு ரயில் கூவும். பாலத்தில் ஏறினால் மழை பிடிக்கும். பழைய கல்குவாரி வளைவில் கதவைத் தட்டுவார்கள். முன்னால் பார்த்தே ஓட்டுகிற ஓட்டுநருக்குப் படத்தின் ஒரு காட்சியும் தெரியாது. ஆனால் மொத்தப் படமும் காதில் மனப்பாடம். மூடுபனியில் சாலை தெரியாத நாட்களில் வசனத்தை வைத்தே எந்த வளைவு என்று சொல்லிவிடுவார்.

கதை இவ்வளவுதான். ஊருக்கு வெளியே ரயில் கேட். அதை ஒட்டி ஒரு வீடு. கேட்காரன், அவன் மனைவி. மழை இரவில் சரக்கு ரயிலிலிருந்து ஒருவன் இறங்கிக் கதவைத் தட்டுகிறான். எந்த ஊர், என்ன இனம் என்று தெரியாதவன். அவள் திறந்து உள்ளே விடுகிறாள். சில நாள் போகிறது. ஊர்க்காரர்கள் அவனைக் கொண்டுபோகத் தடியோடு வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். அவள் போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் பணிமனைக் கடிகாரம் வந்துவிடும்.

ஓட்டுநருக்குக் காதில் மூன்று குரல். ஒன்று அந்தப் பெண்ணுடையது. இன்னொன்று உறுமல். "எனக்கு யாரும் வேண்டாம். என்னைத் தனியா விடு" என்று எப்போது பார்த்தாலும் எரிந்து விழும். மூன்றாவது மென்மையான குரல். "உங்க கை நடுங்குது. இப்படி உட்காருங்க" என்று சொல்லும். உறுமுகிறவன்தான் வந்தவன், மெதுவாகப் பேசுகிறவன் வீட்டுக்காரன் என்று ஓட்டுநர் முதல் வாரமே பிரித்து வைத்துக்கொண்டார்.

"என்னய்யா படம் இது? வீட்டுக்குள்ள விட்டு வயித்துக்கும் போட்டா, நாய் மாதிரி கொலைக்கிறான்" என்று கேட்டிருக்கிறார். நடத்துநர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அண்ணன் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தாராம்.

நடத்துநர் கோயில் குளம் என்று போகிறவர் இல்லை. யாருக்கும் உபதேசம் செய்ய மாட்டார். வண்டி கிளம்புவதற்கு முன் இருவரும் தேநீர் குடிக்கிற பத்து நிமிடத்தில் ஓட்டுநரிடம் மட்டும் வாய் திறப்பார். "அண்ணே, நேத்துதான் கவனிச்சேன்" என்று ஆரம்பிப்பார். ஆயிரம் தடவை பார்த்த படத்தில் நேற்றுத்தான் ஒன்றைக் கவனித்திருப்பார்.

"அந்தம்மா கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல கெடந்த தன் செருப்பைக் காலால ஓரமா தள்றாங்க. வர்றவன் செருப்புக்கு இடம் பண்றாங்க, அண்ணே. ஆளு யாருன்னே இன்னும் தெரியாது."

"இருட்டுல கால் தடுக்கியிருக்கும்."

"இருக்கலாம்" என்று அதையும் ஏற்றுக்கொண்டு யோசிப்பார்.

இன்னொரு நாள், "பேரு கேக்கல. 'நனைஞ்சிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. பேரு என்னன்னு கேட்டா அவன் பதில் சொல்லணும். நனைஞ்சிட்டீங்களான்னு கேட்டா நாமதான் துணி எடுத்துக் குடுக்கணும்."

ஓட்டுநர் தேநீரை உறிஞ்சுவார். ஆனால் இவை மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அன்று மாலை வண்டி பாலத்தில் ஏறி மழை பிடித்ததும் செருப்பு உரசும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டார். கேட்டது. சின்ன சர்ர். பதினோரு வருடமாக அவர் அதை மழையின் சத்தம் என்று நினைத்திருந்தார்.

டார்ச் விஷயத்தை அவரே ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டார். "ஏம்ப்பா, நீ என்ன பேயா? எதுக்கு உன் மூஞ்சிக்கே வெளிச்சம் அடிச்சிக்கறே?"

நடத்துநர் சின்னப் பிள்ளை போல வெட்கப்பட்டார். "அதுவும் படத்துல இருக்கு அண்ணே. கதவு திறந்ததும் அந்தம்மா கையில விளக்கு. யாரா இருந்தாலும் என்ன பண்ணுவோம்? வந்தவன் மூஞ்சியில பிடிச்சு யாருன்னு பார்ப்போம். அவங்க பிடிக்கல. தன் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிக்கறாங்க. பயந்துட்டு நிக்கறவன் அவன். அவன்தான் நம்மள யாருன்னு பார்க்கணும்."

ஓட்டுநர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முடிவு என்னய்யா? அவ திறக்கறாளா இல்லியா?"

"தெரியாது."

"வீட்டுல போட்டுப் பார்க்கறதுதானே?"

"வேணாம் அண்ணே." நடத்துநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாழ்ப்பாள்ல கை வெச்சிட்டாங்க. அந்தக் கை திறக்கப் போகுதா, இழுத்துப் பிடிக்கப் போகுதான்னு தெரியல. தெரிஞ்சிட்டா அது அவங்க பண்ணின காரியமாப் போயிடும். நாம கை தட்டிட்டு வந்துடுவோம். தெரியாத வரைக்கும் அது என் வேலை."

ஒரு பயணி முடிவைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரெட்டை விசில் அடித்த கதை அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும். விசில் வாயில்தானே இருந்தது.

போன வருடம் அந்தக் கல்குவாரிக்கு ஆட்கள் வந்தார்கள். எங்கோ எல்லைக்கு அப்பால் சண்டை, ஓடிவந்தவர்கள். கல் உடைத்த காலத்துக் கொட்டகைகளில் பாலித்தீன் கட்டித் தங்கினார்கள். வேறு பேச்சு, வேறு உடுப்பு. அவர்களுக்குத் தொற்றுச் சிரங்கு என்று ஒரு பேச்சு கிளம்பி ஊரெல்லாம் சுற்றி வந்தது. மற்ற வண்டிகள் அந்த வளைவில் வேகத்தைக் கூட்டின. முக்கால் வண்டி மட்டும் நின்றது. ஏறியவர்களுக்கு நடத்துநர் பேச்சு புரியாது, அவருக்கு அவர்கள் பேச்சு புரியாது. டார்ச்சைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு "இடம் இருக்கு" என்பார். அந்த இரண்டு சொல் மட்டும் அவர்களுக்குப் பழகிவிட்டது. ஏறும்போது அவர்களே அதைத் திருப்பிச் சொல்வார்கள், வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு.

புகார் மேல் புகார் போனது. கிளை மேலாளர் நடத்துநரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். நிறுத்தங்களின் பட்டியலில் இல்லாத இடத்தில் இன்னும் ஒரே ஒரு தடவை வண்டி நின்றால் வேலை இல்லை. நடத்துநருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பள்ளி இறுதி. மனைவி வீட்டில் தையல் மெஷின் மிதித்து மிதித்து முழங்கால் போனவள். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்து, டார்ச் இருக்கிற பையில் வைத்துக்கொண்டார். அன்று தேநீர் நேரத்தில் "நேத்துதான் கவனிச்சேன்" என்று எதுவும் சொல்லவில்லை.

ஓட்டுநருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இனிமேல் நேரத்துக்குப் போகலாம். பலகையில் பேர் ஏறும். அன்று மாலை வண்டியும் சொன்னபடி ஓடியது. பாலத்தைக் கடக்கும்போது மணியைப் பார்த்தார், ஒரு நிமிடம் முந்தியே இருந்தார்.

குவாரி வளைவு வந்தது. தூறல், மங்கல் வெளிச்சம். ஓரத்தில் ஒருவன் நின்றிருந்தான். முதுகில் ஒரு கிழவியைச் சுமந்திருந்தான். அவள் தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது. இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்ததால் அவனால் கை காட்ட முடியவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றான்.

ஓட்டுநர் விசிலுக்குக் காத்திருந்தார். வரவில்லை. உள்கண்ணாடியில் பார்த்தார். நடத்துநர் பின்படியில் நின்றிருந்தார். விசில் பல்லுக்கிடையில் இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். கன்னம் உப்பியிருந்தது, காற்று வெளியே வரவில்லை. ஒரு மனிதன் தன் மூச்சை இப்படிப் பிடித்து நிறுத்தி அவர் பார்த்ததில்லை.

முதுகுக்குப் பின்னால் படத்தில் கதவைத் தட்டினார்கள். உறுமல் குரல், "திறக்காதே" என்றது. முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "நிறுத்தாதீங்க டிரைவர், போங்க போங்க" என்றார்.

பிரேக் விழுந்தது. அது தன் கால்தான் என்பது ஓட்டுநருக்கு வண்டி நின்ற பிறகுதான் தெரிந்தது.

நடத்துநர் கண்ணைத் திறந்தார். முன்கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தார், ஓட்டுநரின் பிடரியைப் பார்த்தார். பிறகு எல்லாம் தன்னால் நடந்தது. படம் நின்றது. டார்ச் எரிந்தது. "இடம் இருக்கு, உள்ள வாங்க."

"இவங்க ஏறினா நாங்க எறங்கிடுவோம்" என்று ஜவுளிக்கடைக்காரர் எழுந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் அவரோடு எழுந்தார்கள்.

"எறங்கறவங்க பார்த்து எறங்குங்க. படி நனைஞ்சிருக்கு, வழுக்கும்" என்றார் நடத்துநர். உண்மையான அக்கறையோடு சொன்னார். கையைக்கூட நீட்டினார்.

யாரும் இறங்கவில்லை. வெளியே மழை.

நடத்துநர் கிழவியைத் தன் இருக்கையில் உட்காரவைத்து, ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில், அதுவும் பட்டியலில் இல்லாத இடம்தான், ஓட்டுநர் யாரையும் கேட்காமல் நிறுத்தினார். அன்றைக்கு இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.

மறுநாள் புகாரில் பதினான்கு கையெழுத்து. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்குக் காலையிலேயே இருவரும் வந்து காத்திருந்தார்கள். வெளியே பெஞ்சு இல்லை, அதனால் நின்ற வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். நடத்துநர் படத்தைப் போட்டார்.

"இங்க வந்து உட்காருங்க அண்ணே. ஒரு தடவையாவது மூஞ்சியத் திருப்பிப் பாருங்க."

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஓட்டுநர் பயணி இருக்கையில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. கால் பிரேக்கைத் தேடியது. சரக்கு ரயில் கூவுவதற்குள் நடத்துநரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். ஓட்டுநர் தனியாகப் பார்த்தார்.

மழை பிடித்தது. அந்தப் பெண் செருப்பைத் தள்ளினாள். விளக்கைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினாள். வந்தவன் வாசலில் நின்றான். ஒடிசலான ஆள், நனைந்த பூனைக்குட்டி மாதிரி. அவன் வாயைத் திறந்தான். மென்மையான குரல் வந்தது.

ஓட்டுநருக்கு முதலில் படத்தில்தான் கோளாறு என்று பட்டது.

உள்ளே கட்டிலில் காய்ச்சலோடு ஒருவன் படுத்திருந்தான். கேட்காரன், வீட்டுக்குச் சொந்தக்காரன். மீசை, தடித்த கழுத்து. அவன்தான் உறுமினான். "எனக்கு யாரும் வேண்டாம். என்னைத் தனியா விடு." வந்தவன் அவன் பக்கத்தில் போய், "உங்க கை நடுங்குது. இப்படி உட்காருங்க" என்று தாங்கிப் பிடித்தான். சரக்கு ரயிலுக்குக் கேட்டைச் சாத்த, வீட்டுக்காரனுக்குப் பதிலாக வந்தவன் மழையில் ஓடினான்.

அப்படியானால் இத்தனை வருடம் அவர் திட்டியது வந்தவனை இல்லை. வீட்டுக்காரனை.

கதவைத் தட்டினார்கள். வந்தவன் எழுந்து, "திறந்திடுங்க. யாருக்கும் தொந்தரவு வேண்டாம்" என்றான். கதவைத் திறந்துவிடச் சொன்னது வீட்டுக்காரன் என்றே ஓட்டுநர் நம்பியிருந்தார், கோழைப்பயல் என்று மனசுக்குள் திட்டியிருந்தார். கட்டிலில் கிடந்த உறுமல்காரன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வந்தவனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்தான். "திறக்காதே" என்றான். படம் முழுக்க எரிந்து விழுந்தவன் அவன்தான்.

ஓட்டுநர் தன் தடித்த கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அந்தப் பெண் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஊர் வரப்போவதில்லை. இன்னும் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும், முடிவு தெரிந்துவிடும்.

அலுவலகப் பியூன் ஜன்னலைத் தட்டினார். "டிரைவர், உங்களை வரச் சொல்றாங்க."

"இரு." ஓட்டுநர் எழுந்து, எட்டிப் பெட்டியை அணைத்தார். யாரும் அணைக்கச் சொல்லவில்லை.

மேலாளர் அறையில் நடத்துநர் நின்றுகொண்டிருந்தார். கூரை உயரமான அறை, அங்கும் குனிந்தே நின்றார். மேலாளர் ஒரு தாளைத் தள்ளினார்.

"அவரே ஒத்துக்கிட்டார், நான்தான் நிறுத்தினேன்னு. நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுது. விசில் அடிச்சார், நிறுத்தினேன். உங்க மேல ஒண்ணும் வராது. பதினோரு வருஷமா லேட்டு, அது யாராலன்னும் சேர்த்து எழுதிடுங்க. உங்களுக்கும் நல்லது."

ஓட்டுநர் தாளைப் பார்த்தார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்து கூட்டுவது அவருக்கு மலைப்பாதையில் பின்னால் வண்டி எடுப்பது மாதிரி.

"விசில் வரல, சார்."

"என்ன?"

"விசில் வரல. இவன் பொய் சொல்றான். பிரேக்கு போட்டது நான்."

நடத்துநர், "அண்ணே" என்றார்.

"நீ சும்மா இரு." மேலாளரிடம் திரும்பினார். "முன் சீட்டுல உட்கார்ந்து ஒருத்தன் எனக்கு உத்தரவு போட்டான், நிறுத்தாதேன்னு. ஓட்டறவனுக்கு உத்தரவு போட்டா எனக்குப் பிடிக்காது. அதான் நிறுத்தினேன். அடுத்து ஆஸ்பத்திரிகிட்டயும் நான்தான் நிறுத்தினேன்."

பிறகு உட்கார்ந்து எழுதினார். நாக்கு நுனியை வெளியே விட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. விசில் வரவில்லை. பிரேக் நான் போட்டேன். இரண்டு வரிக்கு இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பதினோரு வருடம் ஒரு விபத்தும் செய்யாத கிழட்டு ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மலைச்சாலையில் வண்டி ஓட்ட ஆள் தேடுவது மேலாளருக்குக் கஷ்டம். ஓட்டுநருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், நடத்துநரை ஊருக்குள் சுற்றும் வண்டிக்கு மாற்றினார். வேலை போகவில்லை. குவாரி வளைவு மட்டும் பட்டியலில் ஏறவில்லை. இன்றுவரை ஏறவில்லை.

வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது ஓட்டுநர் தன் தப்பை ஒத்துக்கொண்டார். உறுமுகிறவனை வந்தவன் என்றும், மெதுவாகப் பேசுகிறவனை வீட்டுக்காரன் என்றும் இத்தனை வருடம் நினைத்ததை. நடத்துநர் சிரிப்பார் என்று எதிர்பார்த்து முகத்தைக் கடுகடுப்பாக வைத்துக்கொண்டார்.

நடத்துநர் சிரிக்கவில்லை. டம்ளர் பாதி வழியில் நின்றது. நேற்றுத்தான் ஒன்றைக் கவனித்தவர் மாதிரி ஓட்டுநரையே பார்த்தார்.

"கண்ணால பார்த்த எனக்கு யாரு வந்தவன், யாரு வீட்டுக்காரன்னு முதல் நாளே தெரிஞ்சிடுச்சு. உங்களுக்குக் கொரல் மட்டும்தான். யாரு அன்பாப் பேசறானோ அவனுதுதான் வீடுன்னு நெனச்சிட்டீங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "மேல இருக்கறவரும் உங்கள மாதிரிதான் போல, அண்ணே. முன்னாடி பார்த்து ஓட்டிட்டுப் போறார். பின்னாடி கொரல்தான் கேக்கும்."

"அவருக்காவது நேரத்துக்குப் போய்ச் சேர விடறாங்களான்னு கேளு" என்றார் ஓட்டுநர். ஆனால் அன்று இரண்டாவது தேநீர் சொன்னதும் அவர்தான்.

நடத்துநர் இப்போது நகர வண்டியில் இருக்கிறார். நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம், படம் போட வழியில்லை. பட்டப்பகலிலும் டார்ச் பையில் இருக்கிறது. அந்த வண்டிப் பக்கமிருந்து யாராவது வந்தால், "இடம் இருக்குங்கறாரா?" என்று ஓட்டுநர் விசாரிப்பார். இருக்கிறது என்கிறாராம்.

நகர வண்டிக்கு மாறுவதற்கு முன், மாலை வண்டியில் அவருக்குக் கடைசி நாள். சாவியும் பையும் ஒப்படைத்துவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்தார். கழுத்தைக் குனிந்து உள்ளே நீட்டினார். படத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்போகிறார் என்று ஓட்டுநர் நினைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு செய்வீங்களா, அண்ணே? குவாரி வளைவுல நிறுத்தும்போது உங்க தலைக்கு மேல விளக்கு இருக்கே, அதைப் போடுங்க. இருட்டுல நிக்கறவங்களுக்கு நம்ம ஹெட்லைட்டுதான் தெரியும். கண்ணு கூசும். யாரு வர்றாங்கன்னு தெரியாது."

"என் மூஞ்சியப் பார்த்தா எவன் ஏறுவான்? பயந்து ஓடிடுவான்."

"ஓடட்டும். பார்த்துட்டு ஓடட்டும்."

உள்விளக்கு ஓட்டுநருக்கு ஆகாது. எந்த ஓட்டுநருக்கும் ஆகாது. அதைப் போட்டால் முன்கண்ணாடியில் சாலை மறைந்துவிடும், தன் முகம்தான் தெரியும். மறுநாள் மாலை, படம் போட ஆள் இல்லை, முதுகுக்குப் பின்னால் கதவைத் தட்டும் சத்தம் கிடையாது, விசிலும் கிடையாது. வளைவில் இரண்டு மூன்று நிழல் நின்றிருந்தது. வண்டியை ஓரம் கட்டினார். ஹெட்லைட்டைத் தணித்தார். கையை மேலே தூக்கி, பூச்சி செத்துக் கிடந்த அந்த மஞ்சள் விளக்கைப் போட்டார். சாலை போய்விட்டது, நின்றவர்கள் போய்விட்டார்கள், கண்ணாடி முழுக்க மீசையும் தடித்த கழுத்துமாக ஒரு முகம். அதைத் திருப்பிக்கொள்ளாமல் வெளிச்சத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.